பௌர்ணமியில் ஒரு ள

பௌர்ணமி என்றைக்கு என்று பார்க்க என் மனைவி என் இணையப் பக்கத்தைத் திறப்பதில்லை என்பது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எனக்குத் தெரிந்தது. சமையலறை மேசையில் அவள் கைப்பேசி கிடந்தது. திரையில் ஒரு நிலா. விரலால் இந்தப் பக்கம் தள்ளினால் தேய்ந்தது, அந்தப் பக்கம் தள்ளினால் பருத்தது. என் பக்கத்தில் நிலா கிடையாது. அது மாப்பிள்ளையின் பக்கம்.

மாப்பிள்ளை என்றால் என் தங்கையின் கணவர். ஜுருவில் ஒரு தொழிற்சாலையில் கணினிப் பிரிவில் வேலை, சிம்பாங் அம்பாட்டில் வீடு. போன தீபாவளி விடுமுறையில் சும்மா பொழுது போகாமல் செய்தது என்று சொல்லி அந்தப் பக்கத்தை எங்களுக்கெல்லாம் காட்டினார். பொழுது போகாமல்! நான் பல வருடங்களாக ஒவ்வொரு வரியாகக் கையால் எழுதிச் சேர்த்துவைத்திருப்பதும் அதே விஷயம்தான். பினாங்குத் தமிழர்களின் திருவிழா நாள்கள்: எந்த வருடம் எந்தக் கிழமையில் தைப்பூசம் வந்தது, தேர் எந்தச் சாலையில் எவ்வளவு நேரம் நின்றது, சித்ரா பௌர்ணமிக்கு எந்த வருடம் மழை, அடுத்த வருடம் எப்போது.

"ஏன், நம்ம பக்கத்துக்கு என்ன ஆச்சு?" என்று மனைவியைக் கேட்டேன்.

"தேடுனா இதுதாங்க வருது. உங்களுது வரவே மாட்டேங்குது, நான் என்ன பண்றது?"

"உன் ஃபோன்ல நான் போட்டுக் குடுத்தேனே."

"அது பழைய ஃபோன்ல. இதுல நிலா வேற இருக்கு லா. பாக்க நல்லா இருக்கு."

நான் கோப்பியை முழுதாகக் குடிக்காமல் வேலைக்குக் கிளம்பினேன்.

அந்த நேரத்தில் இது வீட்டுக்குள் முடிகிற விவகாரமாகவும் இல்லை. எங்கள் வட்டாரத்துத் தமிழர் கூடத்தின் வாசலில் ஒரு கியூஆர் கட்டம் ஒட்டப்போகிறார்கள், அதையே சித்ரா பௌர்ணமி அழைப்பிதழிலும் அச்சடிக்கப்போகிறார்கள் என்று முடிவாகியிருந்தது. கைப்பேசியைக் காட்டினால் திருவிழா நாள்கள் எல்லாம் வரும். யாருடைய பக்கம் வரும் என்பது ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் முடிவாகும். ஒரே கட்டம், ஒரே பக்கம். அது என் பக்கமாக இருக்க வேண்டும் என்று நான் எவ்வளவு ஆசைப்பட்டேன் என்பதை மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

பட்டர்வொர்த்தில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் எனக்கு எழுத்தர் வேலை. வீடு தீவில், அதனால் காலையிலும் மாலையிலும் ஃபெரி. அந்த வாரம் முழுவதும் ஃபெரியில் மாப்பிள்ளையின் பக்கத்தைத் திறந்து, அதன் மூல வரிகளைப் படித்துக்கொண்டே போனேன். இணையப் பக்கம் எதுவாக இருந்தாலும் அது எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பொறாமைக்காரனுக்கு இதைவிட வசதி வேறில்லை. பக்கத்து வீட்டுச் சமையலறைக்குள் புகுந்து மூடியைத் தூக்கிப் பார்ப்பது போன்றது, யாரும் ஏனென்று கேட்க மாட்டார்கள்.

இணையப் பக்கங்களுக்கான தரநிலைகளை நான் பொழுதுபோக்காகவே படிக்கிறவன். பொதுவில் வைத்திருக்கிறார்கள், காசு கிடையாது, எந்த விதி எப்போது மாறியது என்பதும் அதிலேயே இருக்கும். அந்தக் கடைசி விஷயத்துக்காகவே எனக்குப் பிடிக்கும். ஒரு பக்கத்தை மூன்று கணினி மொழிகள் சேர்ந்து செய்கின்றன. எச்.டி.எம்.எல். ஒன்றை இன்னதென்று சொல்கிறது: இது தலைப்பு, இது பட்டியல், இது தேதி. சி.எஸ்.எஸ். அது எப்படித் தோன்ற வேண்டும் என்று சொல்கிறது. ஜாவாஸ்கிரிப்ட், தொட்டால் என்ன நடக்க வேண்டும் என்று சொல்கிறது. பாடப் புத்தகங்களில் இத்தோடு விட்டுவிடுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. நாம் தவறு செய்யும்போது இந்த மூன்றும் நடந்துகொள்ளும் விதம்தான். எச்.டி.எம்.எல்.லில் ஒரு குறியை மூட மறந்தால் உலாவி, இவன் இப்படித்தான் சொல்ல வந்திருப்பான் என்று தானே ஊகித்து மூடிக்கொள்ளும். சி.எஸ்.எஸ்.ஸில் ஒரு வரி புரியாவிட்டால் அதை மட்டும் காதில் வாங்காமல் அடுத்த வரிக்குப் போய்விடும். ஜாவாஸ்கிரிப்ட் அப்படியில்லை. ஒரு இடத்தில் இடறினால் போதும், பாதியில் எழுந்து போய்விடும், மீதி வேலை அப்படியே கிடக்கும்.

மாப்பிள்ளையின் பக்கம் முழுக்க முழுக்க ஜாவாஸ்கிரிப்ட். எச்.டி.எம்.எல். என்று பார்த்தால் வெறும் காலிப் பெட்டி ஒன்று. பக்கம் திறந்த பிறகுதான் நிலா, தேதி, தலைப்பு எல்லாம் அதற்குள் வந்து விழுகின்றன. தலைப்பைத் தலைப்பு என்று சொல்லவில்லை, தேதியைத் தேதி என்று சொல்லவில்லை. எல்லாமே டிவ், டிவ், டிவ். அதாவது 'ஏதோ ஒரு பெட்டி'. என் பக்கத்திலோ ஒவ்வொரு தேதியும் அதற்கென்றே உள்ள குறிக்குள் இருக்கும். வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் இயந்திரத்துக்குத் தனியாகவும், மனிதருக்குத் தமிழில் தனியாகவும் எழுதியிருப்பேன். விதிப்படி எழுதியிருக்கிறதா என்று பார்க்கும் சோதனைக் கருவியில் என் பக்கத்தைப் போட்டால் பிழை எதுவும் இல்லை என்று பச்சையாக வரும். மாப்பிள்ளையின் பக்கத்தைப் போட்டால் சிவப்பு. அந்தச் சிவப்பைப் பார்க்கவே அதை அடிக்கடி போட்டுப் பார்த்தேன்.

வியாழக்கிழமை வாக்கில் எனக்கு ஒரு நம்பிக்கை வந்தது. ஜாவாஸ்கிரிப்டில் மாதங்களைப் பூஜ்யத்திலிருந்து எண்ணுவார்கள். ஜனவரி பூஜ்யமாவது மாதம், டிசம்பர் பதினோராவது. இதில் தடுக்கி விழாதவர்கள் குறைவு. மாப்பிள்ளையும் விழுந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு மாதம் மாதமாகச் சரிபார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. ஃபெரி கரையை நெருங்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது. ஒருவர் சரியாகச் செய்திருக்கிறாரே என்று வருத்தப்பட்டுக்கொண்டு நான் இறங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் பத்துப் பேருக்கு மேல் இருக்க மாட்டோம். தலைவர், செயலாளர், மாப்பிள்ளை, என் தங்கை, இன்னும் சில குடும்பத்தினர், நாங்கள் எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் ஒருவர். அக்காவுக்குச் சிறு வயதிலிருந்தே கண் தெரியாது. ஒரு பெரிய அலுவலகத்தில் தொலைபேசி இணைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் வசதியோடுதான் கைப்பேசியைப் பயன்படுத்துகிறார். அது படிக்கும் வேகத்தில் நமக்கு ஒரு சொல்லும் விளங்காது. அவருக்கு விளங்கும்.

மாப்பிள்ளை முதலில் நிலாவைக் காட்டினார். எல்லோரும் கைப்பேசியை வாங்கி வாங்கித் தள்ளிப் பார்த்தார்கள்.

"அட, தேயுது பாருங்க! மாப்பிள்ள, இதுக்கு எத்தன வெள்ளி செலவாச்சு?" என்றார் தலைவர்.

"ஒண்ணும் இல்லண்ணே, சும்மா செஞ்சதுதான். ரெண்டு நாள் லீவுல முடிச்சிட்டேன்."

என் முறை வந்தது. நான் தயாராக வந்திருந்தேன். என் கைப்பேசியில் ஜாவாஸ்கிரிப்டை நிறுத்திவிட்டு மாப்பிள்ளையின் பக்கத்தைத் திறந்து காட்டினேன். வெள்ளைத் தாள் போல வந்தது.

"எங்க நிலா?" என்றார் செயலாளர்.

"அமாவாச போல," என்றார் தலைவர். எல்லோரும் சிரித்தார்கள், மாப்பிள்ளையும்தான்.

"யாரு மச்சான் அத ஆஃப் பண்ணுவாங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

"லைன் சரியா இல்லாட்டியும் இப்படித்தான் வரும்," என்றேன். பிறகு என் முக்கியமான வாதத்துக்கு வந்தேன். "அக்கா, உங்க ஃபோன்ல மாப்பிள்ள பக்கத்த ஒரு தடவ படிக்க விடுங்க. எல்லாரும் கேக்கணும். கொஞ்சம் மெதுவா வைங்க."

அக்கா வேகத்தைக் குறைத்துத் திறந்தார். கைப்பேசி சொன்னது: "பட்டன். பட்டன். படம். பட்டன். படம்."

"என்ன தம்பி, சட்டைக் கடையா?" என்றார் அக்கா. மாப்பிள்ளையின் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. அந்தக் குறைவை நான் கவனித்தேன், மறைப்பதற்கில்லை.

"இப்ப என்னுடையதப் படிக்கச் சொல்லுங்கக்கா. தேடுனா வராது, நான் அனுப்புறேன்," என்று முகவரியைப் புலனத்தில், அதாவது வாட்ஸ்அப்பில், அனுப்பினேன்.

கைப்பேசி படித்தது. "முதல் நிலைத் தலைப்பு. பினாங்குத் திருவிழா நாள்கள்." அருமை. "இரண்டாம் நிலைத் தலைப்பு. சித்திரை மாதம். பட்டியல்." அதுவும் அருமை. நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். "சித்ரா பெளர்ணமி."

பௌர்ணமி என்று அது சொல்லவில்லை. பெ என்று தொடங்கி, ளகரத்தை நன்றாக அழுத்தி, பெ-ளர்-ண-மி என்றது.

"யாரு அந்தப் பொம்பள?" என்றார் அக்கா.

முதலில் சிரித்தது என் தங்கை. அதன் பிறகு கூடம் முழுவதும். கைப்பேசி நிறுத்தவில்லை, வைகாசிக்குப் போய் அங்கேயும் ஒரு பெளர்ணமி, ஆனிக்குப் போய் அங்கேயும் ஒன்று.

"மாசா மாசம் வந்துடுறாங்களே," என்றார் தலைவர். "உங்க சொந்தக்காரங்களாண்ணே?"

"ஃபோனுக்குத் தமிழ் சரியா தெரியல," என்றேன் நான்.

"அதுக்கு நல்லாத் தெரியும் தம்பி, இருங்க," என்று அக்கா அந்தச் சொல்லின் மேல் விரலை நிறுத்தி எழுத்தெழுத்தாகத் தட்டினார். கைப்பேசி ஒவ்வொன்றாகச் சொன்னது: ப, எகரக் குறி, ள, ர், ண, மி. "ஔகாரம் இல்ல. தனியா ஒரு ளானா போட்டிருக்கீங்க."

எனக்கு அந்த நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. நான் தமிழ்த் தட்டச்சு கற்றவன். அந்த இயந்திரத்தில் ஔகாரத்துக்குத் தனி விசை கிடையாது. ஒற்றைக் கொம்பு, பகரம், பிறகு ளகரம். தாளில் பார்த்தால் சரியாகவே இருக்கும். கணினிக்கு வந்த பிறகும் விரல்கள் அதையேதான் அடித்திருக்கின்றன. திரையிலும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் கணினிக்கு பௌ வேறு, பெள வேறு. ஒன்று ஓர் எழுத்து, மற்றது இரண்டு எழுத்து. பௌர்ணமி என்று தேடிய ஒருவருக்கும் இத்தனை வருடமாக என் பக்கம் ஏன் வரவில்லை என்பதும் அதோடு விளங்கியது. என் பக்கத்தில் பௌர்ணமியே இல்லை.

எச்.டி.எம்.எல். இதைப் பொறுத்துக்கொண்டது என்றும் இல்லை, சி.எஸ்.எஸ். கண்டும் காணாமல் போனது என்றும் இல்லை. அவற்றைப் பொறுத்தவரை தவறே நடக்கவில்லை. ளகரமும் ஒரு முறையான எழுத்துதானே. அதனால்தான் அந்தப் பச்சை நிறம்.

மாப்பிள்ளை எப்படிச் சரியாக அடித்தார் என்று அங்கேயே கேட்டேன்.

"எனக்கு எங்க மச்சான் தமிழ் டைப்பிங் தெரியும்? இங்கிலீஷ்ல பி ஏ யூன்னு அடிப்பேன், அதுவே பௌன்னு போட்டுடும்," என்றார்.

மலாய்ப் பள்ளியில் படித்தவர். தமிழ் நாவல் ஒன்றை முழுதாகப் படித்ததில்லை என்று தானே சொல்வார். அவருக்கு எழுத்து அதுவாக வந்து விழுகிறது. வீட்டில் இரண்டு அலமாரி நிறையத் தமிழ்ப் புத்தகம் வைத்திருக்கிற எனக்குப் பௌர்ணமி எழுதத் தெரியவில்லை. அன்றைக்கு நான் பட்ட பொறாமைக்கு முன்னால் நிலாவின் மேல் பட்டதெல்லாம் ஒன்றுமேயில்லை.

தலைவர் தீர்ப்பை அடுத்த ஞாயிற்றுக்குத் தள்ளிவைத்தார். "மாப்பிள்ள பட்டனச் சரி பண்ணட்டும். அண்ணன் அந்தம்மாவ வீட்டுக்கு அனுப்பட்டும். அப்பறம் பாப்போம்."

வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில் அலுவலகத்தில் உட்கார்ந்து வேலையை முடித்தேன். பௌர்ணமி மட்டுமல்ல, கௌரவத் தலைவர், மௌன அஞ்சலி, சௌகரியம் என்று ஔகாரம் வந்த இடமெல்லாம் இதே கதை. ஒவ்வொன்றாகத் தேடித் திருத்த எனக்குப் பொறுமை இல்லை. மாப்பிள்ளை தன் வேலையை முந்தின ஞாயிறு சாயங்காலமே முடித்துவிட்டதாகத் தங்கை சொல்லியிருந்தாள். எகரக் குறியும் ளகரமும் அடுத்தடுத்து வந்தால் எடுத்துவிட்டு ஔகாரக் குறியைப் போடு என்று கணினிக்கு நான் ஒரே கட்டளை கொடுத்தேன். எல்லாவற்றையும் மாற்று. மாறியது. பௌர்ணமி என்று தேடிப் பார்த்தேன், மாதத்துக்கு ஒன்றாக மஞ்சளாக ஒளிர்ந்தன. சோதனைக் கருவியில் போட்டேன், பச்சை. ஏற்றிவிட்டு, நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்தேன். வெகு நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் சாப்பாடு ருசித்தது.

சாயங்காலம் ஃபெரி பாதி தூரம் வந்திருக்கும். மாப்பிள்ளை அழைத்தார்.

"மச்சான், ஃப்ரீயா? உங்க பேஜ்ல வெள்ளிக்கிழமைக்கு என்ன ஆச்சு?"

"வெள்ளிக்கிழமைக்கு என்ன?"

"எல்லா வெள்ளிக்கிழமையும் ஒடஞ்சு கெடக்குது. வட்டம் வட்டமா வருது. நீங்களே பாருங்களேன்."

திறந்தேன். வெள்ளி என்ற சொல்லிலும் எகரக் குறியை அடுத்து ளகரம்தானே வருகிறது! என் கட்டளை அதையும் விடவில்லை. வகரத்துக்கு ஔகாரத்தை மாட்டி, மீதியிருந்த புள்ளியை ஒட்ட இடமில்லாமல் ஒரு புள்ளிவட்டத்தின் மேல் தொங்கவிட்டிருந்தது. வெள்ளிக்கிழமைகள் போயின. அன்னதானத்துக்கு இன்னார் கொடுத்த நூறு வெள்ளி, இருநூறு வெள்ளி எல்லாம் போயின. தைப்பூசப் பகுதியில் வெள்ளி ரதம் வரும் வழி முழுவதும் வட்டங்கள். நம் ஊரில் கிழமையும் காசும் ரதமும் ஒரே சொல்லாக இருக்கிறதை அன்றைக்குத்தான் நான் நினைத்துப் பார்த்தேன். தெளிவு, தெளிந்த வானம், வெளியூர், வெளிச்சம், ஒன்றும் தப்பவில்லை.

"யாராச்சும் பாத்துட்டாங்களா?" என்று கேட்டேன்.

"இன்னும் இல்ல. நானே இப்பதான் பாத்தேன். பயப்படாதீங்க மச்சான், பழைய காப்பி இருக்குல்ல? அதுல சொல்லு சொல்லா மாத்துங்க. லிஸ்ட் வேணும்னா நான் எடுத்துத் தரேன்."

ஞாயிறு வரை வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அவருக்கு அந்தக் கட்டம் தானாகக் கிடைத்திருக்கும். நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று ஃபெரியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு யோசித்தேன். யோசிப்பதை நிறுத்திவிட்டேன். சனிக்கிழமை முழுவதும் சொல் சொல்லாகத் திருத்தினேன். பட்டியலை அவரிடம் கேட்கவில்லை.

ஞாயிறு. இரண்டு பக்கத்தையும் அக்காவின் கைப்பேசி படித்தது. என்னுடையது வழுக்கிக்கொண்டு போனது, பௌர்ணமி பௌர்ணமியாகவே வந்தது, வெள்ளியும் வெள்ளியாகவே. அக்கா தலையை ஆட்டினார். பிறகு மாப்பிள்ளையுடையது. இப்போது தலைப்புகள் தலைப்புகளாக இருந்தன, தேதிகள் தேதிகளாக இருந்தன. போன வாரம் 'படம்' என்று மட்டும் சொன்ன இடத்தில் கைப்பேசி ஒரு கணம் நின்று சொன்னது: "நிலா இன்றைக்குப் பாதிக்கு மேல் வளர்ந்திருக்கிறது. வலப் பக்கம் வெளிச்சம்."

அக்கா விரலை நகர்த்தினார். "நாளைக்கு இன்னும் கொஞ்சம் பருத்திருக்கும்." மறுபடி நகர்த்தினார். பௌர்ணமி வரை ஒவ்வொரு நாளாகத் தள்ளிக் கேட்டுக்கொண்டே போனார்.

"இத யாரு தம்பி எழுதுனது?"

"நான்தாங்கக்கா. மச்சான்தான் போன வாரம் சொன்னாரு, வெறும் படம்னு வருதுன்னு. அதான் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி போட்டேன்."

"நல்ல காரியம் பண்ணீங்க தம்பி," என்று அக்கா நான் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பிச் சொன்னார். பிறகு தலைவரிடம், "இதையே ஒட்டுங்க," என்றார்.

வாக்கெடுப்பு தேவைப்படவில்லை. அவரை வீழ்த்துவதற்காக நான் தோண்டிய இடத்தில்தான் அவர் வென்றார். கை தட்டினார்கள், நானும் தட்டினேன். என் தங்கை என் பக்கம் பார்க்காமல் தட்டினாள், அதற்கு அவளுக்கு நன்றி.

கட்டம் இப்போது கூடத்து வாசலில் இருக்கிறது. அழைப்பிதழிலும் வந்துவிட்டது. வருடவாரியான பழைய விவரங்களுக்கு என் பக்கத்துக்கு ஓர் இணைப்பை மாப்பிள்ளை தன் பக்கத்தின் அடியில் கொடுத்திருக்கிறார், நான் கேட்காமலே. பௌர்ணமி என்று தேடினால் இப்போது நானும் வருகிறேன், அவருக்கு அடுத்து இரண்டாவதாக. என் மனைவி இன்னும் நிலாவைத்தான் தள்ளிக்கொண்டிருக்கிறாள். அவருடைய மூல வரிகளை இன்னமும் ஃபெரியில் திறந்து பார்க்கிறேன். தேதிக்கு நான் எழுதும் அதே குறி, வருடம், மாதம், நாள் என்று அதே வரிசை. என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது என்று யாருக்கும் தெரியாது.

அந்த இணைப்பில் அவர் எழுதியிருப்பது இது: 'மேலும் அறிய, மச்சான் பக்கத்துக்கு போகவும்.'

பக்கத்துக்குப் போகவும் என்று இருக்க வேண்டும். ஓர் ஒற்று விட்டுப்போயிருக்கிறது. சோதனைக் கருவியில் போட்டுப் பார்த்தேன், பச்சை. அக்காவின் கைப்பேசியிலும் காதுக்குப் பிடிபடாது. இந்த ஊரில் அதைக் கவனித்திருப்பது நான் ஒருவனாகத்தான் இருக்கும். சித்ரா பௌர்ணமிக்கு முன்னால் அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் சொல்லவில்லை.